நானோகுழாய்க் கலவையிலிருந்து உலோக வகையை விலக்க எந்த முறை?

மெல்லிழை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மின்னணுச் சாதனப் பக்கத்திலிருந்து வந்தவள். வேதியியலில் கைப்பழக்கம் குறைவு. கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்களை வலைபோலப் பரப்பி மென்படல டிரான்சிஸ்டர் செய்து பார்க்கிறேன். குழாய்கள் மின்வில் முறையில் தயாரானவை. சராசரி விட்டம் 1.4 நானோமீட்டர். தூளைச் சோடியம் கோலேட் (சோப்புபோன்ற பொருள்) கரைசலில் இட்டு, சோனிகேட்டர் என்ற மீயொலிக் கருவியால் கலைத்து, மையவிலக்கியில் சுழற்றி வண்டலைத் தள்ளிவிடுகிறேன். மேலே நிற்கும் திரவத்தை, அமீன் பூச்சுக் கொடுத்த சிலிக்கான் டை ஆக்சைடு மீது ஊற்றிக் காத்திருந்து கழுவினால் குழாய்கள் ஒட்டிக்கொள்கின்றன. வகை பிரிக்கும் வேலை எதையும் இதுவரை செய்யவில்லை.

ஒரே சில்லு, ஒரே படலம், பக்கத்துப் பக்கத்துச் சாதனங்கள். வாய்க்கால் நீளம், அதாவது சோர்ஸ், டிரெய்ன் என்ற இரு மின்வாய்களின் இடைவெளி, 50 மைக்ரோமீட்டர் உள்ளவற்றில் ஆன்–ஆஃப் விகிதம் (திறந்தபோதும் அணைத்தபோதும் ஓடும் மின்னோட்டங்களின் விகிதம்) ஆயிரத்தைத் தொடுகிறது. 5 மைக்ரோமீட்டர் உள்ளவற்றிலோ 3, 4 என்று நிற்கிறது. கேட் மின்னழுத்தத்தை எவ்வளவு மாற்றினாலும் மின்னோட்டம் அணைவதே இல்லை. அணுவிசை நுண்ணோக்கியில் எண்ணிப் பார்த்தால் சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 15 குழாய்கள். நீளம் சராசரியாக 1 மைக்ரோமீட்டர்.

உலோகத்தன்மை உள்ள குழாய்கள்தான் காரணம் என்று தெரிகிறது. ஆனால் அப்படியானால் நீளமான சாதனம் மட்டும் ஏன் ஒழுங்காக அணைகிறது? இரண்டாவது, எங்கள் கூடத்தில் அதிவேக மையவிலக்கி கிடையாது. இருப்பது புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்கு வரை போகும் சாதாரண வகை. இதை வைத்துக்கொண்டு எந்த முறையில் பிரிக்கலாம்? மூன்றாவது, "99.9 சதவீதம் குறைகடத்தி" என்று சீட்டு ஒட்டிய குப்பியை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

பழைய சோனிகேட்டர் எழுதியது:

முதல் கேள்விக்கு விடை நீங்கள் தந்த எண்களிலேயே இருக்கிறது. 15 என்பதையும் 1 என்பதையும் எழுதாமல் விட்டிருந்தால் நான் ஊகிக்க வேண்டியிருக்கும், பெரும்பாலோர் எழுதுவதில்லை.

கிராஃபீன் தாளை எந்தத் திசையில் சுருட்டுகிறோம் என்பதை இரண்டு முழு எண்களால் குறிக்கிறோம் அல்லவா? (6,5), (9,7), (12,6) என்பதுபோல. இரண்டின் வித்தியாசம் 3ஆல் மீதமின்றி வகுபட்டால் உலோக வகை, இல்லாவிட்டால் குறைகடத்தி. (6,5) குறைகடத்தி, (12,6) உலோகம். இரண்டு எண்களும் சமமாக இருந்தால்தான் அசல் உலோகம். மற்றவற்றில் வளைவினால் மிகச் சிறிய ஆற்றல் இடைவெளி தோன்றும். ஆனால் உங்கள் டிரான்சிஸ்டருக்கு அந்த நுணுக்கம் ஒரு பொருட்டல்ல, அறை வெப்பநிலையில் அவையும் கடத்தத்தான் செய்யும். உற்பத்தியில் எந்த விருப்புவெறுப்பும் இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்கு உலோகம். அதாவது உங்கள் 15இல் 5.

இனி ஊடுபரவல் கணக்குக்கு வாருங்கள். ஒரு பரப்பில் மெல்லிய குச்சிகளைத் தாறுமாறாக எறிந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தொடர்பாதை எப்போது பிறக்கும்? சதுர அலகுக்கு உள்ள குச்சிகளின் எண்ணிக்கையைக் குச்சி நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 5.64 வரும்போது. உங்கள் குழாய் நீளம் 1 மைக்ரோமீட்டர் என்பதால் வாசல் சதுர மைக்ரோமீட்டருக்கு 5.64 குழாய். உங்களிடம் இருக்கும் உலோகக் குழாய்கள் 5. வாசலுக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறீர்கள்.

வாசல் என்று சொன்னது எல்லையற்ற பரப்புக்கு. 50 மைக்ரோமீட்டர் வாய்க்கால் ஒரு குழாயின் நீளத்தைப்போல் 50 மடங்கு. அங்கே உலோகக் குழாய்கள் தீவு தீவாக நின்றுவிடும், எப்படிப் போனாலும் இடையில் ஒரு குறைகடத்திக் குழாயைக் கடந்தாக வேண்டும், அதைக் கேட் மூடிவிடும். 5 மைக்ரோமீட்டரில் ஐந்தாறு உலோகக் குழாய்கள் கைகோத்தாலே போதும், சோர்ஸும் டிரெய்னும் குறுக்கே இணைந்துவிடும். வாசலுக்கு இவ்வளவு அருகில் அத்தகைய கொத்துகள் ஏராளமாக இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நறுக்குப்படாத, நீளமான குழாய்கள் நல்லவை என்று எல்லோரும் சொல்வார்கள், கடத்துதிறனுக்கு அது உண்மை. ஆனால் நீளம் 2 மைக்ரோமீட்டர் ஆனால் வாசல் 1.4ஆக இறங்கிவிடும், உங்கள் 15 குழாய்ப் படலம் அப்போது 50 மைக்ரோமீட்டரிலும் அணையாது. நீளத்தைக் கூட்டும்போது தூய்மையும் கூடவே கூட வேண்டும்.

இதையே திருப்பிப் பாருங்கள். உலோகப் பங்கை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், சதுர மைக்ரோமீட்டருக்கு 560 குழாய்வரை போகலாம், உலோகம் மட்டுமே கொண்ட தொடர்பாதை வாசலை எட்டாது. வலைப்படலத்துக்கு அவ்வளவு அடர்த்தி யாருக்கும் தேவைப்படாது. ஆகவே மூன்றாவது கேள்விக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வேலைக்கு 99 போதும். 99.9 வாங்கினால் நிம்மதி. ஒன்பதுக்குமேல் ஒன்பதாக அடுக்கும் போட்டியெல்லாம் ஒவ்வொரு குழாயும் தனித்தனியே சோர்ஸிலிருந்து டிரெய்ன்வரை பாலம்போடும் மிகச் சிறிய சாதனங்களுக்காக. அங்கே ஒரு உலோகக் குழாய் வந்தாலும் அந்த டிரான்சிஸ்டர் போயிற்று. பெய்ஜிங்கில் பெங் லியன்மாவோ குழு 2020இல் 99.9999 சதவீதத்துக்கு மேல் தூய்மையும் மைக்ரோமீட்டருக்கு 100 முதல் 200 குழாய் என்ற வரிசையும் சேர்த்துக் காட்டியது அதற்காகத்தான்.

முறைகளுக்கு வருவோம். சிலவற்றை முதலிலேயே கழித்துவிடலாம். கேட்டால் குறைகடத்திகளை அணைத்துவிட்டு, மிகுந்த மின்னோட்டம் பாய்ச்சி உலோகக் குழாய்களை மட்டும் காற்றில் எரிப்பது 2001இல் ஐ.பி.எம். கூடத்தில் காட்டிய வழி. தனிக்குழாய்ச் சாதனங்களுக்கு அழகாக வேலைசெய்யும். வலையில் உலோகக் குழாய் எரியும்போது அதன்மேல் படுத்திருக்கும் குறைகடத்தியும் சேர்ந்து எரியும். மாறுமின்புலத்தில் உலோக வகையை மின்வாய்க்கு இழுப்பது (கார்ல்ஸ்ரூயில் குருப்கே குழு, 2003) கருத்தாக அருமை, கைக்கு வரும் அளவு தூசி. அடர்த்திச் சரிவில் அதிவேக மையவிலக்கம், 2006இல் நார்த்வெஸ்டர்னில் ஹெர்சம் குழு செய்தது, இந்தத் துறையையே மாற்றிய வேலை. ஆனால் அதற்குப் புவியீர்ப்பைப்போல் 2 லட்சம் மடங்கு வேண்டும், உங்களிடம் இல்லை. விளைவிக்கும்போதே ஒரே வகையை வளர்ப்பதும் உண்டு. டங்ஸ்டன்–கோபால்ட் வினையூக்கியில் 92 சதவீதத்துக்கு மேல் ஒரே வகை வந்தது என்று 2014இல் பெரிய செய்தி. எந்த வகை தெரியுமா? (12,6). மேலே சொன்ன கழித்தலைப் போட்டுப் பாருங்கள், நமக்கு வேண்டாத பக்கம்.

மிச்சம் இருப்பது மூன்று: பாலிமர், ஜெல், இருகட்டப் பிரிப்பு. என் கட்சி பாலிமர்.

2007இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிக்கோலஸ் குழு, பாலிஃப்ளூரீன் வகைப் பாலிமர்கள் டொலுவீனில் குறைகடத்திக் குழாய்களை மட்டும் சுற்றிக்கொண்டு கரைப்பதைக் கண்டது. உலோகக் குழாய்கள் கற்றையாகவே கிடந்து வண்டலில் போய்விடும். வெறும் பாலிஃப்ளூரீன் உங்களுக்கு உதவாது, அது 1 நானோமீட்டரை ஒட்டிய மெல்லிய குழாய்களைத்தான் விரும்பும். 1.4க்கு ஃப்ளூரீனும் பைபிரிடினும் மாறிமாறி வரும் இணைபாலிமரை எடுங்கள். பாலிமரைக் கொஞ்சமாகப் போடுங்கள். இதைத்தான் புதியவர்களிடம் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது: பாலிமர் தாராளமாக இருந்தால் உலோகக் குழாய்களுக்கும் அதில் பங்கு கிடைக்கும், அவையும் கரைந்து மேலே வரும். பற்றாக்குறையாக இருந்தால் விளைச்சல் குறையும், தேர்வு கூர்மையாகும். ஒரு சுற்றில் சில சதவீதம்தான் தேறும்; அதே வண்டலில் புதிய பாலிமர்க் கரைசலை ஊற்றி மறுபடி எடுக்கலாம்.

சோனிகேட்டர் குடுவையைப் பனிக்கட்டியில் நிறுத்துங்கள். சுழற்றுவதற்கு உங்களிடம் உள்ள 20,000 போதும், ஒரு மணி நேரம் விடுங்கள். மையவிலக்கிக் குப்பியை வெளியே எடுத்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். அடியில் தார்போல வண்டல். மேலே இருப்பது மங்கலான சாம்பல் நிறமாக இருந்தால் கற்றைகள் இன்னும் மிதக்கின்றன, மறுபடி சுழற்றுங்கள். கண்ணாடிபோலத் தெளிந்து, மறுபக்கம் உள்ள எழுத்து படிக்கும்படி இருந்தால் மேற்பாதியை மட்டும் பிப்பெட்டால் எடுங்கள். வண்டலுக்கு விரற்கடை உயரத்தில் இருப்பதை ஆசைப்பட்டு உறிஞ்சாதீர்கள், தூய்மை கெடுவது அங்கேதான்.

ஜெல்வாதி எழுதியது:

பழைய சோனிகேட்டர் கணக்கில் குறைசொல்ல ஒன்றுமில்லை. முடிவில்தான் தகராறு.

டொலுவீனில் பிரித்த பிறகு அந்தப் பாலிமரை என்ன செய்வதாக உத்தேசம்? அது குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டெஃப்லான் வடிதாளில் வடித்து வெந்நிலை டொலுவீனால் கழுவினால் மிகையாக மிதப்பது போகும், சுற்றிக்கொண்டது போகாது. மின்வாய் உலோகத்துக்கும் குழாய்க்கும் நடுவே அது நிற்கும். குழாயும் குழாயும் குறுக்கிடும் ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்கும். வலைப்படலத்தில் மின்தடையே அந்தச் சந்திப்புகளில்தான். வேலை முடிந்ததும் அமிலத்தில் உடைந்து உதிரும் பாலிமர்களைச் செய்திருக்கிறார்கள், உண்மை. அவற்றைத் தொகுக்கத் தனியாக ஒரு கரிம வேதியியலாளரைப் பிடிக்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்கெனவே நீரில் வேலைசெய்து பழக்கம். அமீன் பூச்சும் நீர்க்கரைசலுக்கு ஏற்றது. எதற்காக அதையெல்லாம் விட்டு வர வேண்டும்?

ஜெல் முறை இவ்வளவுதான். குழாய்களைக் கோலேட்டில் அல்லாமல் சோடியம் டோடெசில் சல்பேட்டில் கலையுங்கள். அகரோஸ் மணிகளை ஒரு சாதாரண ஊசிக்குழலில் நிரப்பி, அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதே சல்பேட் கரைசலால் நனைத்துவிட்டு, குழாய்க் கரைசலை மேலிருந்து விடுங்கள். உலோக வகை நிற்காமல் கீழே ஓடிவிடும். குறைகடத்தி ஜெல்லில் ஒட்டிக்கொள்ளும். சல்பேட் கரைசலை இன்னும் கொஞ்சம் விட்டு மிச்சமீதி உலோகத்தைக் கழுவித் தள்ளியபின், சோடியம் டீஆக்சிகோலேட் விட்டால் ஒட்டியதெல்லாம் பிடிவிட்டு இறங்கும். ஜப்பானில் கடாவுரா குழு 2009இல் அகரோஸில் காட்டியது இது. 2011இல் செஃபாக்ரில் என்ற வேறு ஜெல் மணிகளை வைத்துப் பல பத்திகளை (மணி நிரப்பிய குழல்களை) அடுக்கி, தனித்தனி வகையாகவே பிரித்தார்கள். பம்பு வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம்.

உங்கள் 1.4 நானோமீட்டர்க் குழாய்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கரிய மை உள்ளே போகும். கீழே முதலில் சொட்டுவது பச்சை கலந்த நீலம், அது உலோகம். பத்தியின் உச்சியில் செம்பழுப்புப் பட்டை ஒன்று தங்கும், அது உங்கள் குறைகடத்தி. பட்டையின் கீழ்விளிம்பு கூர்மையாக நிற்காமல் புகைபோல இழுத்துக்கொண்டு போனால் கரைசலில் கற்றைகள் அதிகம், அல்லது அளவுக்கு மீறி ஏற்றிவிட்டீர்கள் என்று பொருள்.

அறை வெப்பநிலையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். ஒட்டும் வலிமை வெப்பநிலையோடு மாறும். குளிர் அதிகமானால் சல்பேட்டே படிகமாகிப் பத்தியை அடைத்துவிடும். காலையில் வந்த பிரிப்பு மாலையில் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

இருகட்டப் பிரிப்பையும் ஒரு வரியில் விட மனம் வரவில்லை. பாலிஎத்திலீன் கிளைகால், டெக்ஸ்ட்ரான் இரண்டையும் நீரில் கலந்தால் மேலொன்று கீழொன்றாகப் பிரிந்து நிற்கும்; இரண்டுமே நீர்க்கரைசல்தான். சர்ஃபாக்டன்ட் (கோலேட், சல்பேட் போன்ற சோப்பு வகைப் பொருள்) விகிதத்தைச் சரிப்படுத்தினால் குறைகடத்தி மேல்கட்டத்துக்கும் உலோகம் கீழ்கட்டத்துக்கும் போகும். அமெரிக்கத் தர நிறுவனத்தில் ஃபேகன், ஜெங் முதலானோர் 2013இல் வெளியிட்டது. இதற்குச் சிறிய மையவிலக்கியே மிகை. கரைசலின் ஆக்சிஜனேற்ற நிலை கைக்குள் இருக்க வேண்டும், அதற்குத் துளி சோடியம் ஹைப்போகுளோரைட் சேர்ப்பார்கள். குறை: பிரித்தபின் அந்தப் பாலிமர்களை வடிசவ்வில் மாற்றி மாற்றிக் கழுவி வெளியேற்ற வேண்டும், அது பொறுமையைச் சோதிக்கும். நான் பத்தியிலேயே இருந்துவிட்டேன்.

சிலிக்கான்கட்சி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நானோகுழாய் டிரான்சிஸ்டர் வந்தது 1998. ஸ்டான்ஃபோர்டில் அதைக் கொண்டு கணினி என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்தது 2013, அதில் 178 டிரான்சிஸ்டர். 2019இல் எம்.ஐ.டி. செய்த 16 பிட் செயலியில் 14,000த்துக்குச் சற்று மேல். அதே காலத்தில் சிலிக்கான் எங்கே போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றில் ஒரு பங்கைப் பொறுக்கி எறிவதிலேயே ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் ஆயுள் கழிந்திருக்கிறது. பொறுக்க வேண்டிய அவசியமே இல்லாத பொருளை எடுத்துக்கொள்வதுதானே புத்தி?

பழைய சோனிகேட்டர் எழுதியது:

கட்சிக்காரர் வராமல் இந்த மாதிரி இழை முடிந்ததே இல்லை, வரவேற்கிறேன். அந்த 2019 செயலியில் நீங்கள் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். உலோகக் குழாய் கலந்தால் எல்லா லாஜிக் கேட் இணைப்புகளும் ஒரே அளவு பாதிக்கப்படுவதில்லை என்று கண்டு, தாங்கும் இணைப்புகளை மட்டும் வைத்துச் சுற்றை வடிவமைத்தார்கள். எட்டு ஒன்பதுகள், அதாவது 99.999999 சதவீதம் வேண்டியிருந்த இடத்தில் 99.99 போதும் என்றாயிற்று. வேதியியலாளர் தலையிலிருந்த சுமையில் பாதியை வடிவமைப்பாளர் வாங்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நடந்த மிகக் கெட்டிக்காரத்தனமான காரியம் அதுதான்.

மேலும் கேள்வி கேட்டவர் செயலி செய்யவில்லை. வளையும் தகட்டின்மேல் அறை வெப்பநிலையில் ஊற்றிப் பரப்பும் படலத்தை உங்கள் ஒற்றைப்படிகச் சிலிக்கானிடம் எதிர்பார்க்க முடியாது.

மெல்லிழை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 5.64 கணக்கு என் கண்ணைத் திறந்துவிட்டது. பழைய தரவுகளில் அடர்த்தி குறைந்த சில்லுகளை எடுத்துப் பார்த்தேன். அவற்றில் 5 மைக்ரோமீட்டர்ச் சாதனங்களும் ஓரளவு அணைகின்றன, மின்னோட்டம்தான் மிகக் குறைவு.

பாலிமரா ஜெல்லா என்பதைவிட இப்போது என்னை உறுத்துவது வேறு. பிரித்தபின் எத்தனை சதவீதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் 1100 நானோமீட்டர்வரை அளக்கும் உட்கவர் நிறமாலைமானி இருக்கிறது. ராமன் கருவியில் 532 நானோமீட்டர்ப் பச்சை லேசர் ஒன்றுதான். சில்லில் மின்வாய் வடிவம் பதிக்கும் லித்தோகிராஃபியில் 2 மைக்ரோமீட்டருக்குக் கீழே போக முடியாது.

பழைய சோனிகேட்டர் எழுதியது:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். குப்பிமேல் ஒட்டிய சீட்டைப் பற்றியும் இங்கேதான் பேச வேண்டும்.

நிறமாலைமானி உங்களுக்குப் போதும். 1.4 நானோமீட்டர்க் குழாய்களில் குறைகடத்தியின் இரண்டாம் தாவல் (ஒளியை உறிஞ்சி எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுவது) 1000 நானோமீட்டரை ஒட்டி வரும். உலோகத்தின் முதல் தாவல் 700ஐ ஒட்டி. இரண்டும் உங்கள் வரம்புக்குள். பிரிக்காத கரைசலில் இரண்டு மேடுகளும் தெரியும். பிரித்தபின் 700ஐ ஒட்டிய மேடு பள்ளமாக வேண்டும். ஆனால் சதவீதம் சொல்வதற்குப் பின்னணியைக் கழிக்க வேண்டும், அந்தப் பின்னணிக் கோட்டை எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் ஆளுக்கொரு விடை வரும். 99 வரை நம்பலாம். அதற்குமேல் உலோக மேடு பின்னணியின் நெளிவுக்குள் மறைந்துவிடும். நிறமாலையை மட்டும் காட்டி 99.99 என்று எழுதியிருந்தால் அந்தக் கடைசி இரண்டு ஒன்பதுகளை அளந்தது யார் என்று கேளுங்கள்.

ராமனை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். ராமன் எந்தக் குழாயோடு லேசர் ஒத்திசைகிறதோ அதைத்தான் காட்டும். உங்கள் விட்டத்துக்குப் பச்சை லேசர் குறைகடத்தியின் மூன்றாம் தாவலோடு ஒத்திசைகிறது. கலவையில் உலோகம் எவ்வளவு இருந்தாலும் 1590 அலையெண்ணில் ஒல்லியான, அழகான குறைகடத்திக் கோடே மேலோங்கி நிற்கும். 633 சிவப்பு லேசர் இருந்தால்தான் உலோகக் குழாய்கள் வாய்திறக்கும். 1550ஐ ஒட்டி அகன்ற தோள் ஒன்று தெரியும். விட்டம் 1 நானோமீட்டர் என்றால் கதை தலைகீழ்: அங்கே பச்சைதான் உலோகத்தைக் காட்டும், 785 அகச்சிவப்பு லேசர் குறைகடத்தியை மட்டும் காட்டும். ஆகவே விட்டத்தையும் லேசரையும் சேர்த்துச் சொல்லாத ராமன் படம் எதையும் நிரூபிப்பதில்லை.

அசல் சோதனை மின்சோதனைதான். குழாய் நீளத்தைவிடக் குறைந்த வாய்க்கால், அதில் ஒவ்வொரு குழாயும் நேரடியாகப் பாலம்போட வேண்டும், எத்தனை சாதனம் அணையவில்லை என்று எண்ண வேண்டும். இங்கே புள்ளியியல் குறுக்கே வரும். ஒரு தோல்விகூட வராமல் சோதித்த குழாய்களின் எண்ணிக்கையால் 3ஐ வகுத்தால், 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உலோகப் பங்கின் உச்சவரம்பு கிடைக்கும். 99.99 என்று சொல்ல 30,000 குழாய்களைச் சோதித்து ஒன்றுகூட உலோகமாக இருக்கக் கூடாது. சாதனத்துக்கு 20 குழாய் என்றால் 1,500 சாதனம். 99.9999க்கு 30 லட்சம் குழாய். இதனால்தான் சீட்டில் எழுதுவது எளிது, அளப்பது கடினம்.

உங்கள் லித்தோகிராஃபி 2 மைக்ரோமீட்டரில் நிற்பதால் இந்த வழி அடைபட்டுவிட்டது. ஆனால் உங்களிடம் வேறொன்று இருக்கிறது. 50 மைக்ரோமீட்டர்ச் சாதனத்தையே அளவுகோலாக்குங்கள்.

படியவைக்கும் நேரத்தைக் கூட்டிக் கூட்டி, அடர்த்தி வெவ்வேறாக உள்ள ஒரு வரிசைப் படலங்களைச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் குழாய்களை எண்ணுங்கள். ஏதோ ஓர் அடர்த்தியில் ஆன்–ஆஃப் விகிதம் திடீரென்று சரியும். உலோகக் குழாய்கள் தாமாகவே வாசலைத் தாண்டிய இடம் அது. வாசலின் 5.64ஐக் குழாய் நீளத்தின் வர்க்கத்தாலும், சரிந்த இடத்தின் அடர்த்தியாலும் வகுத்தால் உலோகப் பங்கு. பிரிக்காத கலவை 1 மைக்ரோமீட்டர் நீளத்தில் 17ஐ ஒட்டிச் சரிய வேண்டும். நீங்கள் 15இல் நிற்பதால் அந்தச் சரிவு அடுத்த படலத்திலேயே தெரிந்துவிடும். பிரித்த கலவை 170இல் சரிந்தால் உலோகம் 3.3 சதவீதம்.

நீளம் எல்லாக் குழாய்க்கும் ஒன்றல்ல, சில கற்றையாகக் கிடக்கும், ஆகவே 5.64 அப்படியே பொருந்தாது. அதனால்தான் பிரிக்காததையும் சேர்த்து அளக்கச் சொல்கிறேன். இரண்டின் விகிதத்தை எடுத்தால் அந்தப் பிழைகளில் பெரும்பகுதி அடிபட்டுப்போகும். அடர்த்தி மிகுந்துவிட்டால் குழாய்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காகி மேலடுக்குக்குக் கேட்டின் பிடி எட்டாது, அப்போது விகிதம் சரிவதற்குக் காரணம் உலோகம்தான் என்று சொல்ல முடியாது. சில நூறுவரைதான் இந்த அளவுகோல். உங்களுக்கு வேண்டிய 99ஐ நெருங்க அது போதும்.

மெல்லிழை எழுதியது:

இது என்னால் செய்யக்கூடியது, மிக்க நன்றி ஐயா. ஒரே ஒரு ஐயம். பிரிக்காதது நீரில் கோலேட்டோடு, பிரித்தது டொலுவீனில் பாலிமரோடு என்றால் சோனிகேட்டர் குழாய்களை இரண்டிலும் ஒரே அளவாகவா நறுக்கும்? நீளம் வர்க்கமாக வருகிறதே.

பழைய சோனிகேட்டர் எழுதியது:

நறுக்காது. பாலிமரில் எனக்குள்ள பற்று குறையவில்லை, ஆனால் இந்த ஒரு காரணத்துக்காக முதல் முறை ஜெல்வாதி சொன்னபடி செய்யுங்கள். ஒரே குடுவைக் கரைசலைப் பத்தியில் ஏற்றுவதற்கு முன்பே பாதியை எடுத்து வைத்துவிட்டால் இரண்டுக்கும் சோனிகேட்டர் வரலாறு ஒன்றே.

ஜெல்வாதி எழுதியது:

சான்று ஆவணமாக இந்தப் பதிவைச் சேமித்துக்கொள்கிறேன்.

எடுத்துவைத்த பாதியில் சல்பேட் மட்டும் இருக்கும், பத்தியிலிருந்து இறங்கியதில் டீஆக்சிகோலேட் இருக்கும். அமீன் பரப்பில் இரண்டும் ஒரே வேகத்தில் படியாது. எடுத்துவைத்ததையும் வடிசவ்வில் கழுவி அதே டீஆக்சிகோலேட் செறிவுக்கு மாற்றிவிட்டுப் படியவையுங்கள். பத்தி நீளமான குழாய்களையும் குட்டையானவற்றையும் ஒரே மாதிரி பிடிக்கும் என்று எண்ணாமல், நுண்ணோக்கியில் இரண்டு பாதியிலும் நீளத்தைத் தனித்தனியே அளந்து வகுத்தலில் போடுங்கள். வேலை முடிந்ததும் மணிகளை நீராலும் பிறகு சல்பேட்டாலும் நன்றாகக் கழுவினால் அதே பத்தி அடுத்த சுற்றுக்கும் உதவும். டீஆக்சிகோலேட் கொஞ்சம் தங்கிவிட்டாலும் அடுத்த முறை குறைகடத்தியும் நிற்காமல் ஓடிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.